ஜிபிஎஸ் புள்ளிகள் ஏன் ஒழுங்கைக்குள் ஓடுகின்றன? வீதியோடு பொருத்தும் வழி

கேள்வி இதுதான்: யாழ்ப்பாண நகரத்திலும் வலிகாமத்திலும் கடைகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் சில ஓட்டோக்களிலும் ஒரு வானிலும் ஜிபிஎஸ் கருவி பூட்டியிருக்கிறது. 30 செக்கனுக்கு ஒரு புள்ளி பதிவாகிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டுப் பார்த்தால் புள்ளிகள் வீதியில் இல்லாமல் வளவுகளுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் கிடக்கின்றன. ஒவ்வொரு புள்ளியையும் மிகக் கிட்டிய வீதியில் ஒட்டினால், வண்டி வழியிலுள்ள ஒழுங்கைகளுக்குள் எல்லாம் புகுந்து வெளியே வந்ததாகக் காட்டுகிறது. எந்த வீதியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன வேகத்தில் ஓடியது என்று எடுக்க எந்த மென்பொருளைப் பாவிப்பது, எப்படிப் பாவிப்பது?

சுருக்கமான பதில்: புள்ளிகளைத் தனித்தனியே ஒட்டாதீர்கள். பயணம் முழுவதையும் ஒன்றாக எடுத்து வீதி வலையமைப்போடு பொருத்தும் மென்பொருளைப் பாவியுங்கள். மேப் மேட்சிங் என்று சொல்வது இதைத்தான். இலவசமாகக் கிடைப்பவற்றில் உங்கள் தேவைக்கு நான் முதலில் சொல்வது வல்ஹல்லா. ஆனால் மென்பொருளைத் தெரிவு செய்வதோடு வேலை முடியாது. யாழ்ப்பாணத்துத் தரவில் பிழையான முடிவு வரும்போது ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்வதுதான் வழக்கம். தேடிப் போனால் கன இடங்களில் குறை வரைபடத்தில் இருக்கும். ஒழுங்கை வரையப்பட்டிராது, அல்லது வரையப்பட்டும் வீதியோடு இணைக்கப்பட்டிராது. ஆகவே வரைபடத்தைப் பற்றியும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், கிட்டிய வீதியில் ஒட்டும் முறை ஏன் தோற்கிறது என்று பார்ப்போம். திறந்த வானத்தின் கீழ் சாதாரண கைத்தொலைபேசி ஒன்று 4.9 மீட்டர் ஆரை கொண்ட வட்டத்துக்குள் இடத்தைக் காட்டும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் சொல்கிறது. வல்லை வெளியிலோ பண்ணைப் பாலத்திலோ அந்த அளவுக்கு நம்பலாம். நகரத்திலும் ஊர்மனைகளிலும் அப்படியில்லை. மாமரமும் பனையும் வானத்தை மறைக்கும், தகரக் கூரையிலும் மதிலிலும் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை தூரத்தைக் கூட்டிக் காட்டும், கருவியோ டாஷ்போர்டுக்குள் எங்கேயோ மறைத்துப் பூட்டப்பட்டிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. நாங்கள் இருப்பது பூமியின் காந்த மத்தியகோட்டுக்கு மிக அருகில். 1963இல் கேரளத்துத் தும்பாவில் ரொக்கெட் தளம் அமைக்க அந்த இடத்தைத் தெரிவு செய்ததற்கும் இதுவே காரணம். இந்தப் பகுதியில் பொழுதுபட்ட பிறகு மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றப் படையான அயனமண்டலம் குழம்பி ஜிபிஎஸ் சமிக்ஞையைத் தடுமாற வைக்கும். ஒரே அலைவரிசையை மட்டும் கேட்கும் மலிவான கருவிகளில் இது கூடத் தெரியும். உங்கள் தரவில் இரவு ஏழு மணிக்குப் பிந்திய புள்ளிகள் பகல் புள்ளிகளை விடச் சிதறிக் கிடக்கின்றனவா என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஆக 10, 15 மீட்டர் விலகல் சாதாரணம். எங்கள் ஒழுங்கைகளின் அகலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வான் போனால் எதிரே வரும் சைக்கிள் வேலியோடு ஒதுங்க வேண்டும். வீதியின் அகலத்தை விட அளவீட்டின் பிழை பெரிது என்னும்போது, ஒரு தனிப் புள்ளியைப் பார்த்து இது இந்த வீதிதான் என்று யாராலும் சொல்ல ஏலாது. அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள புள்ளிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு உதாரணத்தை எண்ணோடு பார்ப்போம். காங்கேசன்துறை வீதியில் கொக்குவில் பக்கம் உங்கள் வான் நேரே வடக்கே போகிறது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். 30 செக்கனில் 250 மீட்டர் போகும். மூன்று புள்ளிகள் பதிவாகின்றன. முதலாவதும் மூன்றாவதும் வீதியிலேயே இருக்கின்றன. நடுப் புள்ளி ஒரு ஒழுங்கை வாசலுக்குக் கிட்ட, காங்கேசன்துறை வீதியின் நடுக்கோட்டிலிருந்து 11 மீட்டர் தள்ளியும் ஒழுங்கையின் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் விழுந்திருக்கிறது. கிட்டியது எது என்று மட்டும் கேட்டால் ஒழுங்கைதான். ஜிபிஎஸ் பிழையின் நியம விலகலை (பிழை எவ்வளவு பரந்து சிதறும் என்பதன் அளவு, சிக்மா என்றும் சொல்வார்கள்) 5 மீட்டர் என்று எடுத்து இயல்நிலைப் பரம்பலில் கணக்குப் பார்த்தாலும் ஒழுங்கைக்கான வாய்ப்பு பிரதான வீதியை விடச் சுமார் 10 மடங்கு கூட. உங்களுக்கு வந்த முள்முள்ளான கோடு இப்படி வந்ததுதான்.

இப்போது பயணத்தைக் கணக்கில் எடுங்கள். வான் உண்மையிலேயே ஒழுங்கைக்குள் போயிருந்தால், 11 மீட்டர் உள்ளே போய் அங்கேயே திரும்பி வெளியே வந்திருக்க வேண்டும். அதாவது நேர்கோட்டுத் தூரத்தை விட வீதி வழித் தூரம் இரு தாவல்களிலும் சேர்த்து ஏறத்தாழ 21 மீட்டர் கூடும். பிரதான வீதியிலேயே போயிருந்தால் அந்த வித்தியாசம் அரை மீட்டர்கூட இல்லை. வீதித் தூரத்துக்கும் நேர்கோட்டுத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம் கூடக்கூட அந்த வழியின் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் குறையும் என்று ஒரு விதி வைக்கிறோம். எவ்வளவு கடுமையாகக் குறைப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்குப் பீட்டா என்று பெயர். பீட்டா 3 மீட்டர் என்றால் ஒழுங்கை வழியின் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கும். இரண்டு கணக்கையும் பெருக்கினால் பிரதான வீதி நூறு மடங்கு முன்னால் நிற்கும். பிரச்சினை தீர்ந்தது.

அதே இடத்தில் பீட்டாவை 10 ஆக்கிப் பாருங்கள். ஒழுங்கை வழியின் வாய்ப்பு எட்டில் ஒன்றாக மட்டுமே குறையும், மறுபடியும் ஒழுங்கையே மயிரிழையில் வெல்லும். பீட்டாவைத் தாறுமாறாக மாற்றக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் மிகச் சின்னதாக வைத்தாலும் தொல்லை. 30 செக்கன் இடைவெளியில் வண்டி ஒரு சந்தியில் திரும்பியிருந்தால் உண்மையான வழியே நேர்கோட்டை விட 80, 100 மீட்டர் நீளமாக இருக்கும். அந்த நேர்மையான திருப்பத்துக்கும் தண்டனை விழும். புள்ளிகளின் இடைவெளி கூடினால் பீட்டாவும் கூட வேண்டும், கூடினால் ஒழுங்கை முட்கள் திரும்பி வரும். இந்த இழுபறிக்கு நடுவில் உங்கள் தரவுக்குப் பொருந்தும் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

இந்த முறையைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தவர்கள் மைக்ரோசொஃப்ட்டில் வேலை செய்த போல் நியூசனும் ஜோன் கிரம்மும். 2009இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, வண்டி இருக்கும் வீதியை ‘மறைந்த நிலை’ ஆகவும் ஜிபிஎஸ் புள்ளியை அதன் மங்கலான அடையாளமாகவும் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள வீதிகள் எல்லாம் வேட்பாளர்கள். அந்த வேட்பாளர்களை இணைக்கும் எண்ணற்ற வழிகளில் மொத்த வாய்ப்பு அதிகமான ஒன்றை விட்டர்பி படிமுறை கண்டுபிடிக்கும். தொலைத்தொடர்பில் பிழை திருத்துவதற்காக அன்ட்ரூ விட்டர்பி 1967இல் கொடுத்த அதே படிமுறைதான். சியாட்டில் பக்கம் ஓடிய ஒரு பயணத்தின் தரவிலிருந்து ஜிபிஎஸ் பிழையின் நியம விலகல் 4.07 மீட்டர் என்று அவர்கள் கணித்தார்கள். வல்ஹல்லாவின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் இந்த 4.07 என்ற எண் இன்றைக்கும் அப்படியே இருக்கும். சியாட்டிலில் ஒரு காரில் எடுத்த எண் அது. திருநெல்வேலிச் சந்தையடியில் ஓட்டோவின் ஆசனத்துக்குக் கீழே இருக்கும் கருவிக்கு அது பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. 30 செக்கன் வரையான இடைவெளியை இந்த முறை நன்றாகவே தாங்கும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஆகவே உங்கள் தரவு எல்லையில் நிற்கிறது, ஆனால் பாவிக்கக் கூடியதே.

பொருத்துவதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டியவை சில. அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓஎஸ்ஆர்எம் போன்ற பொருத்தும் மென்பொருள்கள் நெட்டாங்கை முதலில் கேட்கும், கருவியின் கோப்பு அகலாங்கை முதலில் தரும். 9.66, 80.02 என்பதை மாற்றிப் போட்டால் யாழ்ப்பாணம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்து ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடும். அப்படி நடந்தால் உடனே தெரியும், பயமில்லை. தெரியாமல் உறுத்துவது ஆள்கூற்று முறைமைப் பிழை, அதாவது இடத்தை எண்ணால் குறிக்கும் அடிப்படை மாறிப்போவது. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84. இலங்கையின் பழைய வரைபடங்கள் கந்தவல அடிப்படையிலும் புதியவை எஸ்எல்டி 99 அடிப்படையிலும் உள்ளவை. வீதிப் படலம் ஒன்றை எங்கிருந்தாவது வாங்கி, அதன் முறைமையைச் சரியாகக் குறிக்காமல் திறந்தால் வீதிகள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்து நிற்கும். எனவே புள்ளிகள் வீதியின் இரு பக்கமும் சிதறியிருந்தால் அது ஜிபிஎஸ். எல்லாமே ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் முதலில் முறைமையைச் சந்தேகியுங்கள். மீட்டரில் அளக்கும் எந்த வேலைக்கும் தரவை மீட்டரில் ஆள்கூறு தரும் யூடிஎம் முறைமையின் 44 வடக்கு வலயத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கியூஜிஐஎஸ்ஸில் அதைத் தேடும் ஈபிஎஸ்ஜி எண் 32644. பாகையில் வைத்துக்கொண்டு 15 என்று பஃபர் (சுற்று வலயம்) கேட்டால் கியூஜிஐஎஸ் 15 மீட்டருக்குப் பதிலாக 15 பாகைக்குப் போடும்.

நேரத்தையும் பாருங்கள். ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். சில கருவிகளின் சேவையகம் ஏற்கெனவே கூட்டியிருக்கும். இரண்டு முறை கூட்டினால் காலை நெரிசல் மத்தியானத்துக்குப் போய்விடும்.

வண்டி நின்ற இடங்கள் தனிக் கதை. ஒரு கடை வாசலில் கால் மணித்தியாலம் நின்றால் பலாப்பழத்தில் ஈ மொய்ப்பதுபோல் புள்ளிகள் அந்த இடத்தைச் சுற்றிக் குவியும். பொருத்தும் மென்பொருள் அந்தக் குவியலை உண்மையான ஓட்டம் என்று எடுத்து, சுற்றியுள்ள ஒழுங்கைகளில் எல்லாம் வண்டியை ஓட வைக்கும். கிலோமீட்டர் கணக்கு வீங்குவது பெரும்பாலும் இங்கேதான். வேகம் மணிக்கு 2, 3 கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, அடுத்தடுத்த புள்ளிகள் 25 மீட்டருக்குள் இருந்தால் அவற்றை ஒரே தரிப்பாகச் சுருக்கி, முதல் புள்ளியையும் கடைசி நேரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட தரிப்பு என்றால் அந்த இடத்தில் பயணத்தை இரண்டாக வெட்டுங்கள். அடுத்தது, இரண்டு புள்ளிகளுக்கு இடையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வந்தால் அதில் ஒன்று பொய். ஓட்டோ அப்படி ஓடாது.

இனி மென்பொருள். கொஞ்சத் தரவு என்றால் கியூஜிஐஎஸ்ஸை விட்டு வெளியே போகாமலே ‘ஒஃப்லைன் மேப் மேட்சிங்’ என்ற செருகியால் செய்யலாம். மறைந்த நிலை முறைதான் அதிலும் இருக்கிறது. மாதக் கணக்கான தரவுக்கு அது மெதுவானது. கியூஜிஐஎஸ்ஸில் ‘ஸ்நாப்’ என்று தொடங்கும் கருவிகளை இதோடு குழப்பாதீர்கள், அவை கிட்டிய கோட்டுக்கு இழுப்பவை மட்டுமே. கூகுளின் ரோட்ஸ் சேவையும் இதைச் செய்யும். ஒரு தடவைக்கு 100 புள்ளி, காசு கட்ட வேண்டும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய வரைபடத்தை நீங்கள் திருத்த முடியாது. எங்களுடைய ஊருக்கு அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

மிஞ்சுவது, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓடும் மூன்று: ஓஎஸ்ஆர்எம், வல்ஹல்லா, கிராஃப்ஹாப்பர். மூன்றுமே திறந்த மூலம், மூன்றும் மேலே சொன்ன முறையைத்தான் செய்கின்றன. இலங்கைக்கான ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை ஜியோஃபாப்ரிக் தளம் ஒரே கோப்பாகத் தருகிறது, நாளாந்தம் புதுப்பிக்கிறது. இலங்கை முழுவதற்கும் சாதாரண மடிக்கணனியே தாராளம்.

ஓஎஸ்ஆர்எம் மிக வேகமானது. ஆனால் இரண்டு இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். ஒன்று, ஒரு கோரிக்கைக்கு 100 புள்ளி என்ற எல்லை. உங்கள் சொந்தச் சேவையகத்தில் அதைக் கூட்டலாம். அவர்களுடைய பொதுப் பரிசோதனைச் சேவையகத்துக்கு மாதக் கணக்கான தரவை அனுப்பக் கூடாது. மற்றது, ஒவ்வொரு புள்ளிக்கும் கொடுக்கும் ‘ரேடியஸ்’. அது தேடும் தூரம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பொருத்தும் சேவையில் அது ஜிபிஎஸ் பிழையின் நியம விலகல். இயல்பாக 5 மீட்டர், தேடுவது அதன் மூன்று மடங்கு தூரத்துக்கு. 20 மீட்டர் தள்ளி விழுந்த புள்ளிக்கு வேட்பாளரே கிடைக்காமல் அது கைவிடப்படும். மரம் அடர்ந்த ஊர்மனைகளுக்கு 8 முதல் 10 வரை கொடுத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு 50 கொடுத்துவிட்டால் எல்லா ஒழுங்கையும் சமமாகிவிடும்.

உங்களுக்கு வல்ஹல்லாவைச் சொல்வதற்குக் காரணம், அது வழியை மட்டும் தராமல் வழியிலுள்ள ஒவ்வொரு வீதித் துண்டையும் அதன் பெயர், நீளம், ஓபன்ஸ்ட்ரீட்மேப் அடையாள எண்ணோடு தரும். ‘ட்ரேஸ் அட்ரிபியூட்ஸ்’ என்ற கோரிக்கை அது. எந்த வீதியில் எத்தனை கிலோமீட்டர் என்ற உங்கள் கேள்விக்கு அந்த அட்டவணையை வீதி எண்ணால் கூட்டினாலே விடை. பைதனில் நேரடியாக நிறுவலாம், அல்லது டொக்கரில் ஓடவிடலாம். பொருத்தும் வகையாக ‘மேப் ஸ்நாப்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். ‘எட்ஜ் வோக்’ வேறொரு மென்பொருள் ஏற்கெனவே தந்த துல்லியமான வழிக்கானது, ஜிபிஎஸ் தரவில் தோல்வி அடையும். ஓட்டோவுக்கு என்று தனி வகை இல்லை. கார் வகையையும் மோட்டார் ஸ்கூட்டர் வகையையும் ஒரே தரவில் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள், நகரத்து ஓட்டத்துக்கு இரண்டாவது நன்றாகப் பொருந்தலாம். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் 2 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் அது பயணத்தை முறித்துவிடும். ஏ9 வீதியில் ஆனையிறவுப் பக்கம் கருவி சற்று நேரம் செத்துப்போயிருந்தால் இப்படி முறிவு வரும், அங்கே இருப்பது ஒரே வீதி என்பதால் அந்த எல்லையைத் துணிந்து கூட்டலாம்.

இனி வரைபடம்.

இந்த மென்பொருள்கள் வீதி வலையமைப்பை அப்படியே நம்பும். வரைபடத்தில் இல்லாத ஒழுங்கையில் உங்கள் ஓட்டோ போனால், மென்பொருளைப் பொறுத்தவரை ஓட்டோ அங்கே போகவில்லை. பக்கத்து வீதியில் எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், சேர்த்ததைச் சொல்லவும் மாட்டாது. எங்களுடைய ஊர்களில் ஒழுங்கைகள் வடிவாக வரையப்படாததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வீதிகள் செய்மதிப் படத்தைப் பார்த்து வரையப்பட்டவை. பனையும் மாவும் மூடிய குச்சொழுங்கையை மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகாயத்திலிருந்து தெரியாததை உங்கள் ஓட்டோவின் பதிவு காட்டுகிறது. அதனால்தான் பொருந்தாமல் போன புள்ளிகளை அழிக்காதீர்கள் என்று சொல்கிறேன். பொருத்திய வழியிலிருந்து 20 மீட்டருக்கு மேல் விலகிய புள்ளிகளை எல்லாம் தனிப் படலமாக எடுத்து, கியூஜிஐஎஸ்ஸில் அடர்த்திப் படமாகப் போடுங்கள். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வண்டிகள் ஒரே கோட்டில் விலகியிருந்தால் அது ஜிபிஎஸ் பிழை இல்லை. அங்கே ஒரு ஒழுங்கை இருக்கிறது.

அப்படிக் கண்டதும் கணனியில் இருந்தபடியே கோடு கீறிவிடாதீர்கள். போய்ப் பாருங்கள், அல்லது அந்த வழியில் ஓடும் சாரதியைக் கேளுங்கள். பொது ஒழுங்கையா, ஒரு வளவின் சொந்த வழியா என்று படத்தில் தெரியாது, சாரதிக்குத் தெரியும். பிறகு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேருங்கள், ஊரில் வழங்கும் பெயரைத் தமிழில் போடுங்கள். கோட்டை ஒரு நாள் பதிவை வைத்து வரையாமல் பல நாள் பதிவின் நடுவாக வரையுங்கள். செய்மதிப் படமே சில மீட்டர் நகர்ந்து நிற்பது உண்டு, திறந்த வெளியில் எடுத்த ஜிபிஎஸ் பதிவுகளோடு ஒப்பிட்டு அதைச் சரிபார்க்கலாம்.

இருக்கும் வீதிகளிலும் மூன்று விதமான குறைகளைத் தேடுங்கள். முதலாவது, சந்தியில் இணைப்பு இல்லாமை. ஒழுங்கையின் கோடு வீதியைத் தொடுவதுபோல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பொதுவான முனை இல்லாவிட்டால் மென்பொருளுக்கு அங்கே வழி இல்லை. வண்டி அந்த இடத்தில் திரும்பாமல் அரைக் கிலோமீட்டர் சுற்றி வந்ததாக முடிவு வந்தால் அந்தச் சந்தியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜோசம் தொகுப்பியின் சரிபார்ப்பு இவற்றை ஒரேயடியாகக் காட்டித் தரும். இரண்டாவது, வகைப்படுத்தல். வாகனம் போகும் ஒழுங்கையை நடைபாதை என்று யாரோ குறித்திருந்தால் கார் வகை அதைத் திரும்பியும் பார்க்காது. மூன்றாவது, போக்குவரத்துத் தடைகள். நகரத்து ஒருவழி வீதிகள் சில பிழையாகக் குறிக்கப்பட்டிருக்கலாம், சில சரியாகக் குறிக்கப்பட்டும் ஓட்டோக்கள் எதிர்ப்பக்கமாக ஓடலாம். வல்ஹல்லாவில் ஒருவழிக் கட்டுப்பாட்டைக் கவனிக்காதே என்று சொல்ல வழி உண்டு. நடந்ததை அறிய வேண்டிய உங்கள் வேலைக்கு அதைப் போட்டுவிடுவது நல்லது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக மூடப்பட்டிருந்து துண்டு துண்டாகத் திறக்கப்பட்ட வீதிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். மக்கள் திரும்பிப் போய் ஓடத் தொடங்கிய வீதி வரைபடத்தில் இன்னும் மூடியே கிடந்தால், அதைத் திறந்துவிடுவது எங்களுடைய கடமையும்கூட.

தீவகத்துக்குப் போகும் வண்டிகள் இருந்தால் இன்னொன்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓட்டோ ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறிக் கடக்கும். வரைபடத்தில் அந்தக் கடல் வழி படகுச் சேவையாக, இரு கரையிலும் வீதியோடு இணைந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் ஒன்றில் பயணத்தை முறிக்கும், அல்லது வண்டியைப் பண்ணை வழியாக நகரத்துக்குக் கொண்டுவந்து பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கு அனுப்பிவிடும். ஒரு நாள் கணக்கில் பல பத்துக் கிலோமீட்டர் ஏறிவிடும். குறிகட்டுவானில் கருவி படகில் ஏறினால் அதோடு பயணத்தை வெட்டிவிடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் தனியாகப் பிரித்து வையுங்கள். கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடி வாகனங்கள் வேறு வழியால் திருப்பப்படும். பொருத்துவதில் பெரிய சிக்கல் வராது, ஆனால் அந்த நாட்களின் வேகத்தை மற்ற நாட்களோடு சராசரி எடுத்தால் இரண்டுமே பொய்யாகும்.

முடிவு சரியா என்று எப்படித் தெரியும்? ஓஎஸ்ஆர்எம் தரும் நம்பிக்கை எண் 0.9 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று பொருள் இல்லை. வரைபடத்திலேயே இல்லாத ஒழுங்கையைப் பற்றி அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது. நான் முதலில் பார்ப்பது வண்டியின் மீட்டர். காலையிலும் மாலையிலும் சாரதியை ஓடோமீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருத்திய மொத்தத் தூரம் அதை விடக் கூடுதலானால் தரிப்புக் குவியலையும் ஒழுங்கை முட்களையும் தேடுங்கள், குறைந்தால் முறிந்த பயணங்களைத் தேடுங்கள். அடுத்து, பொருத்திய வழியில் 30 மீட்டருக்குள் போய்த் திரும்பும் இடங்களை எல்லாம் வடிகட்டி எடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை போலி. கடைசியாகச் சில பயணங்களை அந்தச் சாரதியோடு பக்கத்தில் இருந்து படத்தில் பார்த்துச் சரிபாருங்கள். சிக்மாவையும் பீட்டாவையும் மாற்றிப் பார்ப்பது இந்தச் சிறு தொகுதியில்தான், மொத்தத் தரவில் இல்லை.

சாரதியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீதியோடு பொருத்திய பதிவு, சிதறிய புள்ளிகளை விட மிகக் கூடுதலாக ஒரு மனிதரைக் காட்டிக்கொடுக்கும். எந்த வீட்டில் இரவு நின்றார், யாரைப் பார்க்கப் போனார் என்பதெல்லாம் வீதிப் பெயரோடு வரும். போக்குவரத்து ஒவ்வொன்றும் கண்காணிக்கப்பட்ட காலத்தைக் கண்ட ஊர் இது. கருவி பூட்டியிருப்பதையும் எதற்கு என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே உள்ளவற்றைப் பொருத்துவதற்கு முன்பே நீக்குங்கள், பயணத்தின் முதல் 200 மீட்டரையும் கடைசி 200 மீட்டரையும் வெளியே கொடுக்கும் தரவிலிருந்து வெட்டிவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.

வேகம் கேட்டிருந்தீர்கள். கிலோமீட்டர் கணக்கு 30 செக்கன் தரவிலிருந்து நம்பத்தக்கதாக வரும். வேகம் அவ்வளவு இலேசாக வராது. இரண்டு புள்ளிகளுக்கு இடையில் 250 மீட்டர் போகும் வண்டி, நடுவில் சந்தியில் நின்றதா, மெதுவாகவே ஓடியதா என்று அந்த இரண்டு புள்ளிகளாலும் சொல்ல ஏலாது. ஆகவே பலாலி வீதி, கண்டி வீதி, மானிப்பாய் வீதி போன்ற நீண்ட வீதிகளுக்கு, பொருத்திய தூரத்தை நேரத்தால் பிரித்துச் சராசரி கொடுங்கள். 250 மீட்டருக்குக் குறைந்த ஒழுங்கைகளுக்குத் தனித்தனி வேகம் கொடுக்க வேண்டாம். கருவி தன் பதிவில் வேகம் என்று ஒரு நிரல் தந்தால் அது பெரும்பாலும் டொப்ளர் முறையில், அதாவது சமிக்ஞையின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து அளந்தது, இடத்தை வைத்துக் கணிக்கும் வேகத்தை விட நம்பகமானது. அந்த நிரலை எறிந்துவிடாமல் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

இனிமேல் வரும் தரவையாவது மேம்படுத்தலாம். அநேகமான கருவிகளில் ஓடும்போது ஒரு இடைவெளி, நிற்கும்போது ஒரு இடைவெளி என்று அமைக்கலாம், குறுஞ்செய்தியிலேயே மாற்றக்கூடியவையும் உண்டு. ஓடும்போது 5 செக்கன், நிற்கும்போது 5 நிமிடம், அதோடு திசை மாறினால் உடனே ஒரு புள்ளி என்று கேட்டு வாங்குங்கள். தரவுச் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் சந்தித் திருப்பங்கள் ஒவ்வொன்றும் பதிவாகும். அப்படி மாற்றினால் பீட்டாவை மறுபடி சின்னதாக்கவும் மறக்காதீர்கள், 30 செக்கனுக்கு என்று வைத்த எண் 5 செக்கன் தரவில் ஒழுங்கை முட்களைத் திருப்பிக் கொண்டுவரும்.